மேசைக்குக் குறுக்கே

டியூக் டைமன் ஏஸை இறக்கினான். அடுத்த முறை என் கூட்டாளி லவெல் பிக்கெட்டினுடையது. அவன் கையில் விரித்திருந்த சீட்டுகளை இரண்டு முறை இடமிருந்து வலமாகப் பார்த்தான். பிறகு இஸ்பேட் நாலை உருவி, சத்தமில்லாமல், ஏதோ கண்ணாடிப் பொருளை வைப்பதுபோல மேசையில் வைத்தான். அன்றைக்கு இஸ்பேட்தான் துருப்பு. ஏஸ் வெட்டுப்பட்டது. பிடி எங்களுடையது. நான்கு சீட்டுகளையும் கவிழ்த்து என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அது ஆறாவது பிடி. பதினொன்றாவது பிடியில் லவெலின் கையிலிருந்து டைமன் ஐந்து விழுந்தது. அது மேசையைத் தொட்ட நொடியில் நான் கத்தினேன்.

“இந்த மீனைப் பொரிச்சது எவன்டா? ஏரில நீந்தினப்பகூட இது இவ்வளவு ஈரமா இருந்திருக்காது!”

டியூக்கின் கூட்டாளி பெர்னெல்தான் பொரித்திருந்தான். சீட்டை மார்போடு அணைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான். “நாலு துண்டை முழுங்கிட்டு இப்பத்தான் உனக்கு ஈரம் தெரியுதா பெரிசு?” டியூக் சிரித்தான். பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள் டைமன் ஐந்து முங்கிப் போனது. நான் அதையும் கவிழ்த்து, உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.

கையில் அதே இனச் சீட்டு இருக்கும்போது துருப்பால் வெட்டுவதைவிடப் பெரிய கேவலம் எங்கள் மன்றத்தில் கிடையாது. கண்டுபிடித்தால் மூன்று பிடி அபராதம். அபராதம் அன்றோடு போய்விடும். பேச்சு போகாது, அந்த மனிதனின் இறுதி ஊர்வலம் வரைக்கும் பின்னாலேயே வரும். லவெல் ஏமாற்றுக்காரன் அல்ல. அந்த ஐந்து அவன் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. அவன் அதைப் பார்த்தான், ஆனால் அது அவனுக்குள் போய்ச் சேரவில்லை. ஜூலையிலிருந்து இந்த மார்ச் வரைக்கும் எட்டு மாதங்களில் இது ஏழாவது முறை. ஏழு முறையும் நான் கத்தியிருக்கிறேன். ஒருமுறை மின்விசிறியைப் பற்றி, ஒருமுறை டியூக்கின் தொப்பியைப் பற்றி, இரண்டு முறை எங்கள் ஊர்க் கூடைப்பந்துக் குழுவைப் பற்றி.

இதில் வேடிக்கை என்னவென்றால் நான் பேசுகிறவன் இல்லை. மில்வாக்கியின் வடக்குப் பகுதியில் முப்பத்து மூன்று வருடம் நகரப் பேருந்து ஓட்டினேன். வழித்தடத்தின் கடைசியில் கிடைக்கும் பத்து நிமிடங்களில் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வாசிப்பேன். எமெட் டீக் வாயைத் திறந்தால் பல் வலியாகத்தான் இருக்கும் என்று டிப்போவில் சொல்வார்கள். லவெலும் ஓட்டுநர்தான். ஓய்வுபெற்ற ஓட்டுநர்களின் இந்த மன்றத்தில் செவ்வாயும் வியாழனும் மதியம் பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை நாங்கள் எதிரெதிரே உட்காருகிறோம். அதற்கு முன்பு டிப்போவின் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்தோம். மொத்தம் முப்பத்தொரு வருடம்.

எங்கள் ஆட்டத்தின் முதல் விதி, கூட்டாளியோடு மேசைக்குக் குறுக்கே பேசக்கூடாது. உன் கையில் என்ன இருக்கிறது என்பதை வாயாலோ புருவத்தாலோ சொல்லிவிடக் கூடாது. அவன் போடும் சீட்டிலிருந்து நீயாகத்தான் படித்துக்கொள்ள வேண்டும். நாங்கள் அந்த விதியை மேசையோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன். லவெலின் மனைவி எர்லீன் அவனை விட்டுப் போனதை அவன் எனக்குச் சொல்லவில்லை. அவனுடைய மதிய உணவு டப்பாவில் மூன்று வாரம் தொடர்ந்து வெறும் ரொட்டி இருந்ததை வைத்துப் புரிந்துகொண்டேன். என் மனைவி இறந்தபோது அவன் நான்கு நாள் வந்து என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தான். நான்கு நாளும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்தாம் நாள் எழுந்து, “செவ்வாய்க்கிழமை வந்துரு” என்று சொல்லிவிட்டுப் போனான். அதைவிட ஆறுதலாக யாரும் என்னிடம் பேசியதில்லை.

பேச மாட்டானே தவிர, லவெல் சீட்டை வைக்கிறவன் அல்ல, அடிக்கிறவன். பாதி எழுந்து, கையைத் தோளுக்கு மேல் கொண்டுபோய், மன்றமே திரும்பிப் பார்க்கும்படி அடிப்பான். மேசைக் கால் இரண்டு முறை உடைந்திருக்கிறது. இந்த எட்டு மாதத்தில் அவன் ஒருமுறைகூட அடிக்கவில்லை. மெதுவாக வைக்கிறான். அடிப்பதற்கு மனதில் ஒரு நிச்சயம் வேண்டும்.

அன்று ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது வண்டிகள் நிறுத்தும் இடத்தின் ஓரத்தில் அழுக்குப் பனிக்குவியல் உருகிக்கொண்டிருந்தது. லவெல் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“திங்கட்கிழமை உனக்கு வேலை இருக்கா?”

“ரிட்டயர் ஆனவனுக்கு என்னடா வேலை?”

“அந்த பாய்கின் அம்மா கூப்பிட்டிருக்கு. மூளை ஆராய்ச்சிக்கு. கூட ஒரு ஆள் வரணுமாம்.”

ரெனிட்டா பாய்கினை எனக்கு நினைவிருந்தது. கடந்த இலையுதிர் காலத்தில் எங்கள் மன்றத்துக்கு வந்து பேசினாள். நாற்பத்தைந்து வயதிருக்கும், எங்களைப் போலவே கறுப்பினப் பெண். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் வேலை. மறதி நோய் நம் ஆட்களுக்குத்தான் அதிகம் வருகிறது, ஆனால் அதை ஆராய்கிற இடத்தில் கறுப்பு ஆண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், வேறு யாருடைய தலைகளையோ பார்த்துவிட்டு உங்கள் தலையைப் பற்றி முடிவுசெய்கிறார்கள் என்றாள். டியூக் கைகளைக் கட்டிக்கொண்டு, “அலபாமால சர்க்கார் டாக்டருங்க ஆராய்ச்சின்னு சொல்லி நாப்பது வருஷம் நம்ம ஆளுங்களுக்கு மருந்து குடுக்காம வேடிக்கை பாத்தாங்களே, மறந்துட்டியாம்மா? சோதனை எலி வேணும்னா வேற வீடு பாரு” என்றான். அவள் கோபப்படவில்லை. “அந்தக் கதையச் சொல்லித்தான் எங்க வீட்லயும் வளர்த்தாங்க சார். அதனாலதான் நான் அங்க உள்ள போய் உக்காந்திருக்கேன்” என்றாள். அன்று ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. லவெல் மட்டும் அவளுடைய அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்ததைப் பார்த்தேன்.

அவன் ஏன் எடுத்தான் என்றும் எனக்குத் தெரியும். அவன் அண்ணன் கொர்னீலியஸ் நான்கு வருடம் முன்பு இறந்தான். மூன்று வருடம் மருத்துவர்கள் ‘வயசாகிறது’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நோயின் பெயரைச் சொல்லும்போது காலம் கடந்துவிட்டது. கடைசி வருடம் லவெல் பார்க்கப் போகும்போதெல்லாம் அவன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, “டிரைவர், அடுத்த ஸ்டாப்ல இறக்கி விடுப்பா” என்று கேட்பானாம். தம்பி என்று தெரியவில்லை, ஓட்டுநர் என்று மட்டும் எப்படியோ தெரிந்திருக்கிறது.

“இதுக்கு முன்னாடி வேற ஒரு இடத்துல கேட்டேன்,” என்றான் லவெல். “பொண்டாட்டியக் கூட்டிட்டு வா, இல்ல புள்ளையக் கூட்டிட்டு வான்னாங்க. பையன் ஃபீனிக்ஸ்ல இருக்கான், வருஷத்துக்கு ரெண்டு தடவதான் போன் பண்ணுவான்னு சொன்னேன். அப்ப கஷ்டம்னு போன வச்சிட்டாங்க. இந்தம்மா மட்டும்தான் கேட்டுச்சு, உங்கள வாரத்துல பத்து மணி நேரம் பாக்கிற ஆள் யாராச்சும் இருக்காங்களான்னு. செவ்வாய் அஞ்சு, வியாழன் அஞ்சு. கூட்டிப் பாரு.”

நான் பனிக்குவியலைப் பார்த்தேன்.

“எனக்கு மறதி ஆரம்பிச்சிருக்குன்னு நான் சொன்னா மட்டும் போதாதாம். கூட இருக்கிற ஆளும் மாத்தம் தெரியுதுன்னு சொல்லணும். அப்பத்தான் சேத்துக்குவாங்க. அதனால என்னைத் தூக்கி வச்சுப் பேசாத எமெட். பாத்ததச் சொல்லு.”

முப்பத்தொரு வருடத்தில் அவன் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. தலையை ஆட்டினேன்.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் ஜன்னல் ஓரத்தில் ஒரே புத்தகத்தின் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் சொல்லாவிட்டால் அவனுக்கு அந்தக் கதவு திறக்காது. கொர்னீலியஸுக்கு நடந்ததே இவனுக்கும் நடக்கும், வயசாகிறது என்பார்கள். நான் சொன்னால், இதுவரை மேசையில் ஒரு பிசகாக மட்டும் இருந்த ஒன்றுக்கு நோய் என்று பெயர் வந்துவிடும். மன்றத்தில் அவனைப் பாவம் என்று பார்ப்பார்கள். கூட்டாளியாக யாரும் உட்கார வைக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் எனக்கே வெட்கமாக ஒன்று தெரிந்தது. நான் பயந்தது அவனுக்காக அல்ல. எனக்கு எதிரே இருக்கும் நாற்காலிக்காக.

திங்கட்கிழமை லவெலை வரவேற்பறையில் உட்கார வைத்துவிட்டு என்னை முதலில் கூப்பிட்டார்கள். சிறிய அறை. ஜன்னலுக்கு வெளியே வண்டிகள் நிறுத்தும் கட்டடத்தின் சாம்பல் நிறச் சுவர். மிஸ் பாய்கின் ஒரு படிவத்தை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள். உறவு என்ற இடத்தில் மனைவி, கணவர், மகள், மகன் என்று கட்டங்கள். கடைசியில் ‘பிற’ என்று ஒரு கட்டம்.

அவர் பில்களைச் சரியாகக் கட்டுகிறாரா? தெரியாது. அடுப்பை அணைக்க மறக்கிறாரா? தெரியாது. மாத்திரை? தெரியாது. நேற்று என்ன சாப்பிட்டார்? எனக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு ‘தெரியாது’க்கும் லவெலின் பக்கம் ஒரு கதவைச் சாத்துவதுபோல இருந்தது. அந்த முதல் இடத்துக்காரர்கள் சொன்னது சரிதானோ என்று தோன்றியது. ஒரு மனிதனை அறிவதென்றால் அவன் அடுப்பை அறிவதுதானோ.

“கடந்த ஒரு வருஷத்துல அவரோட ஞாபகத்துல ஏதாவது மாத்தம் பாத்தீங்களா மிஸ்டர் டீக்?”

“இல்ல. அவன் கூர்மையாத்தான் இருக்கான்.”

அது தானாக வந்தது. மீனைப் பற்றிக் கத்தியதுபோலவே. அவள் எதுவும் எழுதவில்லை. பேனா தாளுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. மௌனத்தில் என்னை யாரும் ஜெயித்ததில்லை. அந்தப் பெண் ஜெயித்தாள். சுவர்க் கடிகாரத்தின் ஓசையைக் கேட்டுக்கொண்டு அவள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் பேனாவை மூடினாள்.

“அப்படின்னா சந்தோஷம் சார். இந்த ஆய்வுல அவருக்கு எடமில்லன்னு அர்த்தம். வீட்டுக்குப் போகலாம்னு சொல்லிடறேன்.”

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். படிவத்தின் மேல் கவிழ்ந்து கிடந்தது, பிடியை மூடி வைத்திருக்கும் கை. டியூக்கிடமிருந்து மறைத்தேன், பெர்னெலிடமிருந்து மறைத்தேன். இப்போது இங்கேயும் வந்து மறைத்துக்கொண்டிருக்கிறேன். மன்றத்தில் யாராவது சந்தேகப்பட்டால், “அந்தப் பிடியத் திருப்பு” என்பார்கள். அப்படிச் சொல்லிவிட்டால் திருப்பித்தான் ஆகவேண்டும். லவெல் வியாழக்கிழமையே அதைச் சொல்லியிருந்தான்.

கையை எடுத்தேன்.

“ஜூலை ரெண்டாவது செவ்வாய். கிளாவர் துருப்பு. பெர்னெல் ஆட்டின் ராணிய எறக்கினான். லவெல் கிளாவர் ஆறால வெட்டினான். ஆட்டின் ஒன்பது அவன் கைலயே இருந்துச்சு. ஆகஸ்ட் கடைசி வியாழன், திரும்பவும் ஆட்டின். செப்டம்பர்ல ஒண்ணும் இல்ல. அக்டோபர்ல ரெண்டு. அதுல ஒரு ஆட்டத்துல, வெட்டினது போக, ஜோக்கர் ஏற்கெனவே விழுந்ததும் அவனுக்கு ஞாபகம் இல்ல, அதுக்காகக் காத்துக்கிட்டே இருந்தான்...”

ஏழையும் சொன்னேன். எந்தத் துருப்பு, எத்தனையாவது பிடி, யார் இறக்கியது, நான் எதைப் பற்றிக் கத்தினேன், எல்லாம். எட்டு மாதம் சுமந்துகொண்டிருந்ததை இறக்கி வைக்கக் கால் மணி நேரம் பிடித்தது. அவள் பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டே இருந்தாள். ஒருமுறை, “கொஞ்சம் மெதுவா சார்” என்றாள். பிறகு, சமீபத்தில் நடந்தது ஏதாவது ஒன்றை முழுக்கச் சொல்லுங்கள், அதை அவரிடமும் தனியாகக் கேட்டுப் பார்ப்பேன் என்றாள். நான் வியாழக்கிழமை ஆட்டத்தைச் சொன்னேன். ஆறாவது பிடி, பதினொன்றாவது பிடி, மீன்.

“பதினாறு வருஷமா இந்த நாற்காலில உக்காந்திருக்கேன்,” என்றாள். “கொஞ்சம் மறக்கறாருன்னு சொல்வாங்க. எப்பலேருந்துன்னு கேட்டா முழிப்பாங்க. தேதியும் சீட்டும் சொன்ன முதல் ஆள் நீங்கதான்.” படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, ‘பிற’ என்ற கட்டத்தில் குறியிட்டு, பக்கத்தில் ‘சீட்டுக் கூட்டாளி’ என்று எழுதினாள். எழுத்து கட்டத்துக்குள் அடங்காமல் ஓரத்தில் ஏறி நின்றது.

லவெல் உள்ளே போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தான். பின்னாலேயே அவளும் வந்தாள். முகத்தில் அடக்க முடியாத சிரிப்பு. “மிஸ்டர் பிக்கெட், உங்களுக்கு இங்க எடம் இருக்கு. இனிமே வருஷா வருஷம் உங்களப் பாத்துக்கிட்டே இருப்போம். அடுத்த மாசம் ஸ்கேன்.” லவெல் தொப்பியைக் கழற்றினான். தேவாலயத்தில் கழற்றுவதுபோலக் கழற்றினான்.

வண்டியை நான் ஓட்டினேன். கேப்பிட்டல் டிரைவ் சாலையின் சிவப்பு விளக்கில் நின்றபோது அவன் வாயைத் திறந்தான்.

“வியாழக்கிழமை ஆட்டத்தச் சொல்லச் சொன்னாங்க. எட்டாவது பிடி வரைக்கும் சொன்னேன். அதுக்கப்புறம் ஒரே பனிமூட்டம். ஆனா பதினொண்ணுல நான் ஏதோ தப்புப் பண்ணியிருக்கேன்னு சொன்னேன்.”

“எப்படித் தெரியும் உனக்கு?”

“நீதான் மீனப் பத்திக் கத்துனியே.”

விளக்கு பச்சையானது. நான் நகரவில்லை. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.

“முப்பது வருஷமா வாயத் தொறக்காதவன் திடீர்னு ரேடியோ மாதிரி கத்தினா நான் என்னன்னு நினைப்பேன்? நீ கத்தும்போதெல்லாம் வீட்டுக்குப் போய்ச் சுவத்துல காலண்டர்ல ஒரு கோடு போட்டேன். மீனுக்கு முன்னாடியே ஆறு கோடு. அதப் பாத்துட்டுத்தான் அந்தம்மாவுக்கு போன் பண்ணேன்.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான்: “மேசைக்குக் குறுக்கே பேசாதன்னு ஊருக்கெல்லாம் சொல்லுவ. நீதான்டா பெரிய வாயாடி.”

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இருவரும் சிரித்தோம். கண்ணாடி முழுக்க ஆவி படியும்வரை சிரித்தோம்.

செவ்வாய்க்கிழமை ஆட்டம் தொடங்குவதற்கு முன் நான் எழுந்து நின்றேன். மன்றத்தில் ஆறு மேசை, இருபத்து நான்கு பேர். நான் எழுந்து நின்று யாரும் பார்த்ததில்லை. ஏழு பிசகையும் சொல்ல நினைத்தேன். லவெல் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு அவனே சொன்னான். அண்ணனைப் பற்றி, காலண்டரைப் பற்றி, ஆராய்ச்சியைப் பற்றி. முடித்துவிட்டு உட்கார்ந்தான். நான் பயந்த அந்தப் பாவம் என்ற பார்வை எந்த முகத்தில் முதலில் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

டியூக் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். “ஏழு தடவையா? ஏழு தடவை என் மூஞ்சிக்கு நேராவா? ஏழு மூணு இருபத்தொண்ணு! இருபத்தொரு பிடிடா! எந்திரிங்க ரெண்டு பேரும் என் மேசையிலேருந்து!”

“உடம்பு சரியில்லாதவன்யா அவன்,” என்றார் பக்கத்து மேசையில் யாரோ.

“உடம்பு சரியில்லாதவன் போன மாசம் என்னை எப்படித் தோக்கடிச்சான்னு உனக்குத் தெரியுமா? வாய மூடு. அபராதம்னா அபராதம்!”

லவெல் எழுந்தான். எட்டு மாதத்தில் அவன் முகத்தை அவ்வளவு வெளிச்சமாக நான் பார்க்கவில்லை. தோற்றவர்கள் மேசையை விட்டு எழுந்துபோக வேண்டும் என்பது வழக்கம். நாங்கள் ஏதோ பரிசு வாங்கியவர்கள்போல எழுந்து சுவரோரம் போய் நின்றோம். பெர்னெல் ஆளுக்கு ஒரு தட்டு மீன் கொண்டுவந்து கொடுத்தான். “காய்ஞ்சு போயிருக்கு. தொண்டைல மாட்டிக்கட்டும்.”

அரை மணி நேரம் கழித்து, சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் டியூக் கேட்டான்: “அந்தப் பொம்பளை, பொண்டாட்டி இல்லாதவனையும் சேத்துக்குமா? எனக்கு மூணு இருந்துச்சு. ஒருத்திகூட எனக்காக நல்லதா ஒரு வார்த்தை சொல்ல மாட்டா.”

“நான் வரேன்,” என்றான் பெர்னெல். “பத்தொம்பது வருஷமா நீ போட்ட ஒவ்வொரு முட்டாள் சீட்டும் எனக்கு ஞாபகம் இருக்கு. ரெண்டு நோட்டு கொண்டு வரச் சொல்லு.”

அந்த வாரம் மிஸ் பாய்கின் புதிய படிவக் கட்டோடு மன்றத்துக்கு வந்தாள். ஐந்து ஜோடி பெயர் கொடுத்தது. ஒவ்வொருவனும் எதிரே உட்கார்ந்திருப்பவனுக்குச் சாட்சி. ‘சீட்டுக் கூட்டாளி’ என்று இப்போது அச்சிலேயே ஒரு கட்டம் இருந்தது.

ஏப்ரலில் லவெலுக்கு ஸ்கேன். டியூக்கும் பெர்னெலும் தங்கள் முறைக்காக அதே நாளில் வந்திருந்தார்கள். நாங்கள் மூவரும் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றோம். அந்த இயந்திரம் அவனை மார்பு வரை விழுங்கியிருந்தது. சாம்பல் நிறக் காலுறை போட்ட இரண்டு பாதங்களும், வயிற்றின் மேல் கோத்த கைகளும் மட்டுமே வெளியே தெரிந்தன. அசையவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நாற்பது நிமிடம் அவன் அசையவில்லை. உள்ளே எந்தப் படம் தெரியும், அடுத்த வருடம் அது எப்படி இருக்கும், எத்தனை வியாழக்கிழமைகள் எங்களுக்கு மிச்சம், எனக்குத் தெரியாது. கொஞ்சநேரம் அதை நினைக்காமல் இருக்க முடிந்தது.

ஒலிபெருக்கியில் இயந்திரத்தை இயக்கிய பெண், “முடிஞ்சது சார், இப்ப அசையலாம்” என்றாள்.

லவெலின் வலது கை வயிற்றிலிருந்து பிரிந்தது. மெல்ல மேலே எழுந்து, அந்த வெள்ளை அறையின் வெளிச்சத்தில் ஒரு கணம் நின்றது. இரண்டு விரல்களுக்கு நடுவே இல்லாத ஒரு சீட்டு. பிறகு அது இறங்கிக் கட்டில் விளிம்பில் அடித்தது. கண்ணாடி தடிமனானது, எங்களுக்குச் சத்தம் கேட்கவில்லை. ஆனாலும் டியூக் ஒரு அடி பின்வாங்கினான்.